ஏற்காட்டுக் குழந்தைகளுக்கு முதலில் வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறந்தவுடன் அழாமல் போய், மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் பாதிக்கப்படும் குழந்தைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்ததைப் படித்தேன். குழந்தையின் உடம்பைக் குளிர வைக்கும் கருவி ஒன்றை ஊர்க்காரர்களும் எஸ்டேட்காரர்களும் சேர்ந்து பணம் போட்டு ஏற்காட்டுக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. நல்ல மனசோடு எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரசவ வார்டிலும் பச்சிளம் குழந்தைகள் வார்டிலும் வேலைக்காலம் முழுக்க இருந்த ஒரு செவிலியராகச் சொல்கிறேன், அந்தப் பணத்தை அப்படிச் செலவழிக்க வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாமல் நீங்கள் எதை வெட்டினாலும் சரி, முதல் நிமிடத்தைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டாதீர்கள்.

மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்றால் பிறந்த பிறகு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வயிற்றுக்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறது. குழந்தைக்கு ஆக்சிஜன் நஞ்சு என்று நாங்கள் சொல்லும் பிளசென்டா வழியாக, தொப்புள் கொடி வழியாகத்தான் போகிறது. நஞ்சு நேரத்துக்கு முன்னாலேயே பிரிந்து ரத்தம் கொட்டினாலோ, பனிக்குடம் உடைந்ததும் கொடி முந்திக்கொண்டு நழுவி வந்து நசுங்கினாலோ, பழைய சிசேரியன் தழும்பு விட்டுக் கர்ப்பப்பை கிழிந்தாலோ, தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டாலோ, வலி முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போனாலோ அந்த வழி அடைபடுகிறது. வீட்டில் எல்லோரும் சொல்லும் காரணம் மட்டும் ஒன்றே ஒன்றுதான், 'கொடி சுத்தியிருந்துச்சு'. கழுத்தில் கொடி சுற்றிப் பிறப்பது நான்கைந்து குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிற விஷயம், அதில் மிகப் பெரும்பாலானவை வீல் என்று அழுதுகொண்டு நல்லபடியாகத்தான் வருகின்றன. ஆனால் மாலை சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு நம் பக்கம் இன்னும் இருக்கிறது. குழந்தை உள்ளே வலிப்போடு கிடக்கும்போது, மாமன்காரர் எண்ணெயில் முகம் பார்க்கிற சடங்கு முடியட்டும் என்று வார்டு வாசலுக்கே வராமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வண்டி பிடிக்க, மருந்து வாங்க, அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்பாடு செய்ய ஓட வேண்டிய ஆளே அவர்தான். பெற்றவள் மேலும் பிள்ளை மேலும் பழி போடுகிற இந்தப் பேச்சை முதலில் விட வேண்டும்.

சரி, கருவிக்கு வருகிறேன். ஆக்சிஜன் நின்றதும் மூளைச் செல்களில் ஒரு பகுதி அப்போதே சாகிறது. மூச்சு வர வைத்து ரத்த ஓட்டம் திரும்பியதும் மற்ற செல்கள் தேறிவிட்டது போலத் தெரியும், சில குழந்தைகள் கண்கூட விழிக்கும், வீட்டுக்காரர்களும் அப்பாடா என்று உட்காருவார்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரம் தாண்டும்போது இரண்டாவது அலை ஆரம்பிக்கிறது. செல்களின் சக்தி மறுபடி வடிகிறது, வீக்கம் வருகிறது, வலிப்பு வருகிறது. இந்த இரண்டு அலைக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் குளிர்விக்கும் சிகிச்சை நுழைகிறது. பிறந்து 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, உடம்பின் உள்வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியசுக்கு இறக்கி, 72 மணி நேரம் அங்கேயே நிறுத்தி, அப்புறம் மணிக்கு அரை டிகிரிக்கு மேல் போகாமல் மெதுவாகச் சூடேற்றுவார்கள். நிறை மாதத்தில் பிறந்து, நடுத்தரமான அல்லது கடுமையான பாதிப்பு உள்ள குழந்தைகளுக்கு மட்டும்தான் இது. 2005 இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் 2009 இல் பிரிட்டனில் வந்த ஆய்வும் இதற்கு அடித்தளம் போட்டன. 2013 இல் 11 ஆய்வுகளை, மொத்தம் 1,505 குழந்தைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் ஏழு குழந்தைகளைக் குளிர்வித்தால் ஒரு குழந்தை சாவிலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ தப்புகிறது என்று வந்தது. இது சின்ன விஷயம் இல்லை. அதற்கு முன்னால் இந்தக் குழந்தைகளுக்கென்று எங்கள் கையில் ஒரு சிகிச்சையும் கிடையாது, பார்த்துக்கொண்டு நிற்பதுதான்.

நம் பங்கும் இதில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஒரு இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து, உருகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் ஒரு பொருளை வைத்துக் குறைந்த செலவில் ஒரு குளிர்விக்கும் தொட்டில் செய்தார்கள். வாசகர் சொல்வது அனேகமாக அந்த மாதிரிக் கருவியாகத்தான் இருக்கும். விலை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததால்தான் 'நம்ம ஊருக்கும் ஒன்று வாங்கலாமே' என்று தோன்றுகிறது, அந்த ஆசை எனக்குப் புரிகிறது.

ஆனால் அவர் எழுதாமல் விட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. ஹீலிக்ஸ் என்று பெயர். 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்று நாடுகளிலும் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்துச் செய்தது, சென்னையும் அதில் உண்டு. 2021 இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவு வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் நூற்றுக்கு 50 பேர் இறந்தார்கள் அல்லது ஊனத்தோடு இருந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 47 பேர், அதாவது பலன் என்று ஒன்றும் தெரியவில்லை. இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் குளிர்வித்தவர்களில் 42 சதவீதம், மற்றவர்களில் 31 சதவீதம். வெளிநாட்டில் உயிர் காத்த ஒரு சிகிச்சை நம் வார்டுகளில் இறப்பைக் கூட்டியது. அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. சின்ன ஆஸ்பத்திரிகளில் செய்த ஆய்வும் இல்லை, வென்டிலேட்டரும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருந்த பெரிய இடங்கள்.

காரணம் என்ன என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. நம் குழந்தைகளில் பலருக்குப் பாதிப்பு பிரசவ நேரத்தில் திடீரென்று வராமல், பல மணி நேரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குள்ளேயே நடந்திருக்கலாம், அப்படியானால் பிறந்த பிறகு எண்ணுகிற அந்த 6 மணி நேரம் ஏற்கெனவே தீர்ந்துபோன நேரம் என்பது அவர்கள் சொல்வதில் முக்கியமானது. இதை வைத்துக் குளிர்விப்பதே தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. எல்லா வசதியும் உள்ள பெரிய மையத்தில், தகுந்த குழந்தையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து மருத்துவர் செய்கிறார் என்றால் பெற்றவர்கள் தைரியமாகச் சம்மதிக்கலாம். ஆனால் குளிரில் வைத்த குழந்தைக்கு ரத்த அழுத்தம் இறங்கும், இதயத் துடிப்பு குறையும், ரத்தம் உறைவதில் கோளாறு வரும். ஆசனவாய் வழியாக வைத்த கம்பியில் உள்வெப்பத்தை விடாமல் பார்க்க வேண்டும், ரத்தத்தில் அமிலம் எவ்வளவு என்று பார்க்க இயந்திரம் வேண்டும், மூச்சுக் கருவி வேண்டும், மூன்று நாளும் இரவு பகலாக அந்தக் குழந்தையை விட்டு நகராத ஒரு செவிலியர் வேண்டும். இத்தனையும் மலை மேல் ஒரு சின்ன மருத்துவமனையில் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. இவை இல்லாமல் கருவி மட்டும் வந்தால், இருக்கிறதே என்று யாராவது ஒரு நாள் அதில் ஒரு குழந்தையை வைத்துவிடுவார்கள். என் பயம் அதுதான்.

இப்போது அந்த முதல் நிமிடம். நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ எண்பத்தைந்து தானாகவே மூச்சு இழுத்து அழுதுவிடும். இன்னும் பத்து, நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்தாலே அழும். ஐந்துக்குத்தான் பையும் முகமூடியும் வைத்துக் காற்று கொடுக்க வேண்டி வரும். நெஞ்சை அமுக்குவது, மருந்து ஏற்றுவது வரைக்கும் போவது நூறில் ஒன்றுகூட இருக்காது. அந்த ஐந்து குழந்தைகளுக்குக் காற்று 60 விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். நாங்கள் ஆம்பு பை என்று சொல்லும் அந்தச் சாதனம் ஒரு ரப்பர் பை, ஒரு வால்வு, ஒரு முகமூடி, அவ்வளவுதான். சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். மின்சாரம் வேண்டாம். நிறை மாதக் குழந்தைக்கு ஆரம்பத்தில் ஆக்சிஜன் சிலிண்டர்கூட வேண்டாம், நாம் விடுகிற இந்தச் சாதாரணக் காற்றே போதும் என்று உலக அளவிலான நெறிமுறைகளே சொல்கின்றன. எத்தனை இடத்தில் சிலிண்டருக்குச் சாவி தேடிக்கொண்டு அந்த நிமிடத்தைத் தொலைத்திருக்கிறார்கள்.

பை இருந்தால் மட்டும் போதாது, கைக்குப் பழக்கம் வேண்டும். ஒரு சின்ன மருத்துவமனையில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அவள். குழந்தை வந்தது, கையும் காலும் துவண்டு, உதடு நீலமாக, சத்தமே இல்லை. துடைத்தாள், ஈரத்துணியை எடுத்துப் போட்டுக் காய்ந்த துணியில் வைத்தாள், முதுகைத் தேய்த்தாள், ஒன்றும் இல்லை. தோளுக்கு அடியில் மடித்த துணியைக் கொடுத்து, முகவாய்க்கும் மூக்குத் தண்டுக்கும் நடுவில், கண்ணில் படாமல் முகமூடியை வைத்துப் பையைப் பிழிந்தாள். நெஞ்சு எழும்பவில்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் பதறிப் பையை வேகமாக அமுக்குவார்கள், இல்லையென்றால் விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடுவார்கள். அவள் முகமூடியை எடுத்தாள், வாயில் இருந்த சளியைத் துடைத்தாள், தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி மறுபடி வைத்துப் பிழிந்தாள். நெஞ்சு லேசாக மேலே வந்தது. நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது என்ற கணக்கில் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு அவள் காற்று கொடுக்க, நான் தொப்புள் கொடியின் அடியில் இரண்டு விரலை வைத்துத் துடிப்பு பார்த்தேன். மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது விரலுக்கு அடியிலேயே வேகம் பிடித்தது. முதலில் நெஞ்சு சிவந்தது, அப்புறம் முகம், பாதம் கடைசியாக. பிறகு ஒரு முனகல், பிறகு அழுகை. வெளியே பாட்டியம்மா 'டாக்டரைக் கூப்பிடுங்க நர்சம்மா' என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார், டாக்டர் வந்து சேர்ந்தபோது குழந்தை பால் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்குக் குளிர்விக்கும் கருவி என்ற பேச்சே எழவில்லை.

இந்தப் பயிற்சியை அரசு 2009 லிருந்தே நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற பெயரில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கொடுத்து வருகிறது. பயிற்சி இரண்டு நாளில் முடிந்துவிடும். பிரசவம் குறைவாக நடக்கிற இடத்தில் வேலை செய்பவருக்கு அழாத குழந்தை எப்போதோ ஒரு தடவைதான் வரும், அதற்குள் கை மறந்துவிடும், சில மாதத்திலேயே மறந்துவிடும். அதனால் பெரிய ஆஸ்பத்திரியைவிட நாகலூர் மாதிரி மலைக்கிராமத்துச் சுகாதார நிலையத்தில்தான் பழக்கம் அதிகம் தேவைப்படுகிறது. உள்ளே தண்ணீர் நிரப்பினால் நிஜக் குழந்தையின் கனம் வந்துவிடுகிற பயிற்சி பொம்மைகள் இருக்கின்றன, முகமூடி சரியாகப் பொருந்தினால்தான் அதன் நெஞ்சு எழும்பும். வாரத்தில் ஒரு நாள் டியூட்டி மாறும் நேரத்தில் பத்து நிமிடம் அந்தப் பொம்மையில் பழகினால் போதும். பையையும் ஒவ்வொரு ஷிப்டிலும் சோதிக்க வேண்டும், முகமூடியை உள்ளங்கையில் அழுத்திப் பிழிந்தால் கையில் அழுத்தம் தெரிய வேண்டும், வால்வு புஸ்ஸென்று திறக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைத்த பை யாருக்கும் உதவாது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை அழவில்லை என்றால் தலைகீழாகப் பிடித்து அடிப்பது, முகத்தில் பச்சைத் தண்ணீர் தெளிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். துவண்டு கிடக்கிற குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் விடாதீர்கள், விழுங்கத் தெரியாத நிலையில் அது நுரையீரலுக்குள் போகும்.

இந்த நிமிடத்துக்கு முன்னால் நடக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சனி ஞாயிறு சுற்றுலா வண்டிகள் நெரிகிற நேரத்தில், மே மாதக் கோடை விழா நேரத்தில், ஆம்புலன்ஸ் சத்தம் போட்டாலும் ஒதுங்க இடம் இருக்காது. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம், 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து பாதையே அடைபட்டது நமக்குத் தெரியும். மூச்சுக்குத் திணறுகிற குழந்தையை அந்த வளைவுகளில் இறக்குவதைவிட, பிரச்சனை வரலாம் என்று தெரிகிற தாயை வலி வருவதற்கு முன்னாலேயே சேலத்துக்குக் கொண்டு வருவது எவ்வளவோ மேல். குழந்தை பயணம் செய்வதற்குத் தாயின் வயிற்றைவிடப் பாதுகாப்பான இடம் எந்த வண்டியிலும் கிடையாது. ரத்த அழுத்தம் உள்ளவர், முன்னால் சிசேரியன் ஆனவர், இரட்டைக் குழந்தை, வளர்ச்சி குறைவு என்று ஸ்கேனில் வந்தவர், இவர்களெல்லாம் தேதிக்கு ஒரு வாரம் முன்பே கீழே வந்து தங்க வேண்டும். தங்க இடம்? அதுதான் கேள்வி. தமிழகத்தில் மலைப்பகுதிகள் சிலவற்றில் கர்ப்பிணிகளுக்குக் காத்திருப்பு அறைகள் ஏற்படுத்தியிருக்கிறார்கள். மலையிலிருந்து வருகிற பெண்ணும் துணைக்கு ஒருவரும் சாப்பாட்டோடு ஒரு வாரம் தங்க அப்படி ஒன்று போதுமான அளவில் இருந்தால், எத்தனையோ குடும்பங்கள் 'வலி வந்தா பாத்துக்கலாம்' என்று சொல்லாமல் வந்துவிடும்.

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் சேலம் டவுனில் வாழ்கிற பெண், அதுவரை டவுனிலேயே ஸ்கேனும் செக்கப்பும் பார்த்தவள், மலை மேல் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அனுப்பி வைக்கும்போது வளையலும் சீரும் போகிறது, கர்ப்பிணியாக அரசிடம் பதிந்த பிக்மி எண்ணும் பரிசோதனை அட்டையும் பீரோவிலேயே இருந்துவிடுகிறது. வழக்கத்தை விடச் சொல்லவில்லை, தாய் வீட்டுக்குப் போவதில் அந்தப் பெண்ணுக்கு இருக்கிற நிம்மதி எனக்கும் தெரியும். அட்டையைக் கையோடு கொடுத்தனுப்புங்கள், போன மறுநாளே அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துவிடுங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும், 'நாளைக்கு அமாவாசை, கழிச்சுப் போலாம்' என்று தள்ளக் கூடாது. அப்புறம் வலி வர ஊசி போடுங்கள் என்று நச்சரிப்பது. அந்த ஊசி தேவைப்படும் இடம் உண்டு, ஆனால் அளந்து சொட்டுச் சொட்டாக, குழந்தையின் இதயத் துடிப்பை விடாமல் கேட்டுக்கொண்டு கொடுக்க வேண்டியது. வலி விடாமல் வந்தால் ஒவ்வொரு வலிக்கும் நஞ்சுக்கு ரத்தம் குறையும், இடையில் குழந்தை மூச்சு வாங்கிக்கொள்ள நேரமே இருக்காது. உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன பிறகு ராகு காலம் போகட்டும், பெரியவர் வந்து கையெழுத்து போடட்டும் என்று காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளை வார்டில் பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள். அந்த நேரத்தில் கையெழுத்து போடப் பெற்றவளுக்கே உரிமை இருக்கிறது, அவளிடம் கேளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு குழந்தை பாதிப்போடு பிறந்துவிட்டால் 108 இல் பச்சிளம் குழந்தைகளுக்கான வண்டி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். தனியார் வேனில், மடியில் வைத்துக்கொண்டு இறக்காதீர்கள். கிளம்புவதற்கு முன்னால் கீழே உள்ள மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும், குழந்தை எத்தனை மணிக்குப் பிறந்தது, எவ்வளவு நேரம் காற்று கொடுத்தார்கள், வலிப்பு வந்ததா என்பதை ஒரு தாளில் எழுதி அனுப்ப வேண்டும். மலையில் குளிர் என்பதால் நாலு கம்பளி சுற்றி வெந்நீர் பாட்டில் வைப்பார்கள். நல்ல குழந்தைக்குக் கதகதப்பு வேண்டும்தான். ஆனால் மூளை பாதித்த குழந்தைக்குச் சூடு ஏறினால் பாதிப்பு அதிகமாகும், 37.5 டிகிரியைத் தாண்டவே விடக் கூடாது. அதே நேரம் எங்கோ படித்துவிட்டு வேண்டுமென்றே வண்டி ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிர விடுவதும் ஆபத்து. வெப்பமானி ஒன்று, சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று, பையும் முகமூடியும் கையில், இவைதான் அந்தப் பயணத்துக்கு வேண்டியவை.

வார்டில் என்ன செய்கிறார்கள் என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை, 'பெட்டியில வெச்சிருக்காங்க, ஒண்ணும் செய்யல' என்று கோபப்படுகிறார்கள். மூச்சு, ரத்த அழுத்தம், சர்க்கரை, உப்புகள் ஆகியவற்றைச் சீராக வைப்பதும், வலிப்பை பினோபார்பிட்டோன் போன்ற மருந்தால் அடக்குவதும், தாயிடமிருந்து பீய்ச்சிய பாலைக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதும்தான் சிகிச்சை. 1976 இல் ஹார்வி சார்நாட், மார்கரெட் சார்நாட் இருவரும் வகுத்த மூன்று நிலைகளை வைத்து மருத்துவர்கள் பாதிப்பை லேசு, நடுத்தரம், கடுமை என்று பிரிப்பார்கள். லேசானதில் பெரும்பாலான குழந்தைகள் நன்றாக வளர்கின்றன, கடுமையானதில் நிலைமை மோசம், நடுத்தரத்தில் எப்படி வேண்டுமானாலும் போகலாம். மூளைக்கு டானிக், ஸ்டெம் செல் என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். இந்தப் பாதிப்புக்கு ஸ்டெம் செல் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைப்படி ஆய்வாக மட்டுமே நடக்கலாம், ஆய்வில் சேருகிறவரிடம் காசு வாங்கக் கூடாது. எரித்ரோபாய்ட்டின் என்ற ஊசியைக் குளிர்விப்போடு சேர்த்துக் கொடுத்து அமெரிக்காவில் சுமார் 500 குழந்தைகளிடம் பார்த்தார்கள், 2022 இல் வந்த முடிவில் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

என் மனசில் அதிகம் கிடப்பது டிஸ்சார்ஜுக்குப் பிறகு நடப்பதுதான். குழந்தை பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, பார்க்க லட்சணமாக இருக்கிறது, மலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பாதிப்பு எவ்வளவு என்று அந்த வயதில் முகத்தில் தெரியாது. தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டே இருக்கும், கண் ஒரே பக்கம் நிலைகுத்தும், கால் சைக்கிள் மிதிப்பது போலச் சுற்றும், பாட்டி 'நரி வெரட்டுது' என்று சொல்லி அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். எல்லாக் குழந்தையும் தூக்கத்தில் சிரிக்கும், சிணுங்கும், அது வேறு. கையைப் பிடித்தாலும் நிற்காத அசைவு வலிப்பு, அதைப் போனில் வீடியோ எடுத்து உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நான்கு மாதத்தில் தலை நிற்கவில்லை, மூன்று மாதம் தாண்டியும் கட்டை விரலை உள்ளே மடக்கிக் கையை இறுக்கியே வைத்திருக்கிறது, இடுப்பில் வைத்தால் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கிறது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டுமே நீட்டுகிறது, கதவு அடித்தாலும் திடுக்கிடவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. 'இவங்க அப்பாவுக்கும் லேட்டாத்தான் கழுத்து நின்னுச்சு' என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்தை விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு வருஷத்தில்தான் மூளை புது வழிகளை வேகமாகப் பழகும். காது சோதனை, கண் சோதனை, தலைச் சுற்றளவு, கை கால் பயிற்சி எல்லாம் அந்தக் காலத்தில் ஆரம்பித்தால் பாதித்த குழந்தைகூட உட்கார, கையால் எடுத்துச் சாப்பிட, பேச வழி கிடைக்கும்.

2013 இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் வந்தன, இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். ஆனால் செம்மநத்தத்திலோ மாரமங்கலத்திலோ இருந்து ஒரு தாய் வாரா வாரம் சேலம் வந்து போக வேண்டும் என்றால் இரண்டு பேருக்கு பஸ் செலவு, எஸ்டேட்டில் ஒரு நாள் கூலி போய்விடும், வீட்டில் இன்னொரு பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். காபி பறிக்கிற சீசனில் சுத்தமாக வர முடியாது. இரண்டு தடவை வருவார்கள், மூன்றாவது தடவை வரமாட்டார்கள், அதற்காக அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மருத்துவமனை அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

அதனால் அந்த வாசகரை நான் கேட்டுக்கொள்வது, பணம் திரட்டுவதைக் கைவிடாதீர்கள். மலையில் பிரசவம் நடக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு அளவு முகமூடியோடு ஒரு பை கூடுதலாக, பயிற்சி பொம்மை ஒன்று. கீழே வந்து தங்குகிற கர்ப்பிணிக்கும் துணைக்கு வருபவருக்கும் சாப்பாட்டுச் செலவு. மீதி உள்ளதெல்லாம் வாரத்தில் ஒரு நாள், சந்தைக்கு எல்லோரும் ஏற்காட்டுக்கு வருகிற நாளாகப் பார்த்து, இயன்முறை மருத்துவர் ஒருவர் மலை ஏறி வந்து குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு. சுகாதாரத் துறையிடம் அனுமதி கேட்டுத்தான் செய்ய வேண்டும், அதற்கு மனு எழுத உதவுகிறேன். பொம்மையில் பழக்குவதற்கு ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன், கூப்பிட்டால் என்னோடு வேலை பார்த்தவர்களும் வருவார்கள். சேலத்தில் இருக்கிற இயன்முறை மருத்துவர்களில் மாதம் ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் உங்கள் நாளிதழுக்கு எழுதினால், அந்தக் கடிதங்களை அந்த வாசகருக்கும் எனக்கும் அனுப்பி வைக்கும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
கன்னங்குறிச்சி, சேலம்.